வலது மணிக்கட்டு

பல் டாக்டர் அடித்த பந்து நேராகக் கிளம்பி, பாதி தூரம் போன பிறகு வலப்பக்கமாக வளைந்து, திடலின் ஓரத்து வலையில் மோதிச் சரிந்தது. அவர் மட்டையைத் தரையில் ஊன்றிக்கொண்டு அது விழுந்த இடத்தையே பார்த்தார்.

"நல்லாத்தான் கெளம்புச்சு கோச்சம்மா. நடுவுல மனசு மாறிடுச்சு" என்றார்.

அவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த மாணவரிடம் அவளுக்குப் பிடித்ததே இதுதான். தான் சொன்ன வேடிக்கைக்குத் தானே முதலில் சிரித்துவிடுகிறவர்களைத்தான் அவள் அதிகம் பார்த்திருக்கிறாள். இவர் கல்லைப் போல நின்றுகொண்டு சொல்வார், சிரிப்பதை எதிராளியின் பொறுப்பில் விட்டுவிடுவார்.

நீளமான தகரக் கூரையின் கீழ், தடுப்புகளால் பிரிக்கப்பட்ட வரிசையில் கடைசித் தடுப்பு அவளுடையது. கோல்ஃப் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் அங்கே பச்சைப் பாய் மேல் நின்று, எதிரே விரிந்து கிடக்கும் புல்வெளியை நோக்கிப் பந்தை அடிப்பார்கள். பெயர் சொல்லி அழைக்கிறவர் யாருமில்லை, எல்லோருக்கும் அவள் கோச். பல் டாக்டர் மட்டும் கோச்சம்மா என்பார். அறுபதை நெருங்கிக்கொண்டிருந்த மனிதர் இந்த வயதில் இதைக் கற்றுக்கொள்ள வந்த காரணத்தை முதல் நாளே ஒளிக்காமல் சொல்லியிருந்தார். மகளைக் கொடுத்த இடத்தில் சம்பந்தி கோல்ஃப் ஆடுகிறவர். போன விடுமுறைக்குப் போனபோது இவரையும் இழுத்துக்கொண்டு போய், மகள், மருமகன், மருமகனின் நண்பர்கள் அத்தனை பேர் முன்னாலும் மட்டையைக் கையில் கொடுத்திருக்கிறார். இவர் வீசிய வீச்சில் புல் பெயர்ந்து பறந்தது, பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. "சம்பந்தி, அது கடவாப்பல் இல்ல, பிடுங்காதீங்க" என்றாராம் அவர். அன்றிரவு டாக்டருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த விடுமுறைக்குள் பந்தை நேராக அடித்துக் காட்ட வேண்டும். மனைவிக்குக்கூடத் தெரியாது, காலை நடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வருகிறார்.

"கழுத்தை நெரிக்கிற மாதிரி பிடிக்கிறீங்க டாக்டர். அதான் பந்து வலப்பக்கம் ஓடுது" என்றாள் அவள். "இடுப்பு திரும்புது, தோள் திரும்புது, எல்லாம் நல்லா வருது. கடைசியில மணிக்கட்டு வந்து அவிழணும். அப்பத்தான் மட்டையோட முகம் நேரா திரும்பும். நீங்க அவிழ விடாம புடிச்சு வெச்சுக்கிறீங்க."

"நான் எங்க புடிச்சேன்? அது பாட்டுக்கு இருக்கு."

"ஈரத் துணியை உதறுறோம்ல, காயப்போடுறதுக்கு முன்னாடி? அப்போ யாராவது மணிக்கட்டைத் திருப்பணும்னு நெனக்கிறோமா? கை வேகமா போகும், கடைசியில தானா சொடுக்கும். அதுதான். திருப்பக் கூடாது, திரும்ப விடணும்."

"எங்க வீட்டுல துணி காயப்போடுறது நான்தான். அங்க நல்லாத்தான் உதறுறேன். நீங்க வேணா வந்து பாருங்க."

மறுபடியும் அதே கல் முகம். அவள் சிரித்துக்கொண்டே மட்டையை வாங்கி ஓரமாகச் சாய்த்து வைத்தாள். இளகாத கைகளுக்கு அவள் எப்போதும் செய்வது ஒன்று உண்டு. மாணவரின் முன்கையை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, மறுகையால் உள்ளங்கையைப் பிடித்து, மணிக்கட்டை மேலும் கீழுமாக அசைத்துக் காட்டுவாள். எடையை முழுக்க அவளிடம் கொடுத்துவிட வேண்டும். தூங்குகிற குழந்தையின் கை போல.

இடது கையை முதலில் எடுத்தாள். சிறிது நேரம் முரண்டு பிடித்துவிட்டு அது இளகிக் கொடுத்தது. "பாத்தீங்களா, இதுதான். இப்போ அந்தக் கை" என்று வலது கையைப் பிடித்தாள்.

அது இளகவில்லை. முரண்டும் பிடிக்கவில்லை. அவள் விரல்களுக்கடியில் அது விட்டுவிட்டு வந்தது. உள்ளே எங்கோ சின்னச் சின்னப் பற்கள் வைத்த சக்கரம் ஒன்று, ஒவ்வொரு பல்லாக மாட்டி, தாண்டி, மாட்டி, தாண்டி நகர்வது போல.

அவளுக்கு இன்னொரு முறை அசைத்துப் பார்க்கத் தோன்றியது, அதற்குத் தைரியம் வரவில்லை. சுடுபாத்திரத்தை விடுவது போலக் கையை விட்டுவிட்டாள்.

"என்னாச்சு? அந்தக் கை பெயிலா?" என்றார் டாக்டர்.

"ஒண்ணுமில்ல டாக்டர். இன்னைக்கு இது போதும்."

அந்தச் சக்கரத்தை அவளுக்கு முன்பே தெரியும். அவளுடைய அம்மா ஓர் அழகு நிலையத்தில் முடி வெட்டுகிறவளாக இருந்தாள். கத்தரிக்கோல் விரலோடு ஒட்டிப் பிறந்தவள் என்று வாடிக்கைக்காரப் பெண்கள் சொல்வார்கள். ஒரு கட்டத்தில் அந்தக் கத்தரிக்கோல் நடுவில் நிற்கத் தொடங்கியது. வயசு என்றார்கள். தோள்பட்டை என்றார்கள். தைலம் தடவினார்கள், ஒத்தடம் கொடுத்தார்கள், படுக்கையை மாற்றினார்கள். அப்படியே ஒரு வருடத்துக்கு மேல் ஓடிப்போன பிறகுதான் ஒரு நரம்பு மருத்துவர் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து அசைத்தார். பிறகு அருகில் நின்றிருந்த அவளைக் கூப்பிட்டு, அவள் விரல்களை அதே இடத்தில் வைத்து, "தெரியுதா?" என்று கேட்டார். தெரிந்தது. ஒரு தடவை தெரிந்துகொண்டால் மறக்கக்கூடிய விஷயமாக அது இல்லை. வெளியே வரும்போது, இந்த நடுக்குவாதம் குடும்பத்தில் வருமா என்று அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "பெரும்பாலும் வராதும்மா" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் அந்தப் 'பெரும்பாலும்' அன்றிலிருந்து மீன் முள்ளாக அவள் தொண்டையில் நின்றுகொண்டிருக்கிறது.

வீட்டுக்கு வந்தபோது அக்கா அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். ஜன்னலோர நாற்காலி, இரண்டு பக்கமும் தலையணை, கழுத்தில் துண்டு. அக்கா அம்மாவைப் பார்த்துக்கொள்வதற்காகப் பள்ளிக்கூட வேலையை விட்டவள், ஆனாலும் வாத்தியார் குரலை விடாதவள். "முழுங்கு. முழுங்கிட்டு அப்புறம் என்னைப் பாரு" என்று அதட்டிக்கொண்டிருந்தாள். வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் போய் அம்மாவின் வலது கையை எடுத்து அசைத்துப் பார்த்தாள். மாட்டி, தாண்டி, மாட்டி, தாண்டி. அதேதான். அம்மாவின் கையில் இன்னும் பலமாக இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

"வந்ததும் வராததுமா என்னடி பண்ற?" என்றாள் அக்கா.

அவள் சொன்னாள். அக்கா கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டுக் கேட்டாள். கேட்டு முடித்ததும் மறுபடியும் கரண்டியை எடுத்தாள்.

"நீ பந்தடிக்கச் சொல்லிக் குடுக்குறவ. வைத்தியம் பாக்குறவ இல்ல. நீ நெனச்சது தப்பா இருந்தா அந்த மனுஷன் உன்னைச் சும்மா விடுவாரா? சரியா இருந்தா மட்டும் கையெடுத்துக் கும்பிடுவாரா?"

"அவர் பல் டாக்டர்க்கா. அந்தக் கையை ஊர்ல இருக்குறவங்க வாய்க்குள்ள விடுறாரு."

"அப்போ அவருக்கே தெரியும். தெரியாத மாதிரி இருக்கணும்னு நெனச்சா இருந்துட்டுப் போறாரு. உனக்கென்ன?" அக்கா அம்மாவின் வாயைத் துண்டால் துடைத்தாள். பிறகு திரும்பாமலே, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "காலையில குழாயைத் திறந்துவிட்டுட்டு பாத்ரூமுக்குள்ள நீ என்ன பண்றேன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? எனக்கும் அதே அம்மாதான். நான் அசைச்சு அசைச்சுப் பாத்துக்கிட்டு இருக்கேனா?"

அவள் அப்போதுதான் செருப்பைக் கழற்றினாள். அது உண்மை. தினமும் காலையில், தண்ணீர் விழும் சத்தத்தின் மறைவில், அவள் தன் வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்து அசைத்துப் பார்க்கிறாள். சில நாட்கள் ஒன்றும் இருக்காது. சில நாட்கள் ஏதோ மாட்டுவது போலத் தோன்றும், மறுபடி பார்த்தால் இருக்காது, மறுபடி பார்த்தால் இருக்கும். தன் கையைத் தானே பிடித்துப் பார்ப்பதில் உள்ள கஷ்டம் அது. பிடிக்கிற கை பயந்தால் பிடிபட்ட கையும் இறுகுகிறது. இந்தப் பழக்கம் தொடங்கியதிலிருந்து அவளுடைய வீச்சும் கெட்டுப்போயிருந்தது. ஒரு காலத்தில் போட்டிகளில் ஆடியவள். கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலும் மணிக்கட்டு அதன் இடத்தில் அவிழும். இப்போது மட்டை மேலே போய்த் திரும்பும் அந்தக் கணத்தில் மனம் ஓடிப்போய் மணிக்கட்டில் உட்கார்ந்துகொள்கிறது. மாட்டுகிறதா? மாட்டுகிறதா? பந்து வலப்பக்கம் வளைகிறது. அது நோயா பயமா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதனால் மாணவர்கள் முன்னால் அவள் பாதி வீச்சோடு நிறுத்திக்கொள்வாள். "மீதியை நீங்க பண்ணுங்க" என்பாள்.

அடுத்த வகுப்புகளில் அவள் டாக்டரின் கையைத் தொடவில்லை. வாயால் சொல்லிக் கொடுத்தாள். பாயின் மேல் துண்டை விரித்து, அதை உதறச் சொன்னாள். ஒற்றைக் கையால் மெதுவாக வீசச் சொன்னாள். ஆச்சரியமாக, சில பந்துகள் நேராகப் போகத் தொடங்கின. டாக்டர் தோளையும் இடுப்பையும் கூடுதலாகச் சுழற்றி மணிக்கட்டின் வேலையை ஈடுகட்டிக்கொண்டிருந்தார். அவளுக்கு அது தெரிந்தது, தெரியாதது போலப் பாராட்டினாள். நாம்தான் இல்லாத பேயைப் பார்த்துவிட்டோம், ஒன்றுமே இல்லை என்று ஒரு முழு நாள் நம்பக்கூட முடிந்தது. மறுநாள் அவர் காரிலிருந்து இறங்கி நடந்து வருவதைத் தூரத்திலிருந்து பார்த்தாள். இடது கை வீசிக்கொண்டு வந்தது. வலது கை, யாரோ கொடுத்து வைத்திருக்கச் சொன்ன பொருள் போல, உடம்போடு ஒட்டிக்கொண்டு சும்மா வந்தது. அவள் திரும்பிக்கொண்டாள். பந்துக் கூடையைத் தூக்கப் போனவள் எதற்குப் போனோம் என்று மறந்து நின்றாள்.

ஒரு நாள் அவருடைய மனைவியும் கூட வந்தார். கால்சட்டைப் பையில் கோல்ஃப் பந்து அகப்பட்டு, நடைப்பயிற்சிப் பொய் உடைந்துவிட்டதாம். "வாக்கிங் போறவர் பையில பந்து எதுக்குங்க? நான் என்னென்னமோ நெனச்சுட்டேன்" என்று சிரித்தபடி தடுப்புக்குப் பின்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். பருமனான, வாய் ஓயாத, பார்த்த உடனே பிடித்துப்போகிற பெண்மணி. டாக்டர் பந்துகளை அடித்துக்கொண்டிருக்க, அவர் குரலைத் தணித்து அவளிடம் பேசத் தொடங்கினார்.

"உங்ககிட்ட நல்லாப் பேசுறாராம்மா?"

"தமாஷாப் பேசுவார்மா. ஆனா சிரிக்கவே மாட்டார், அதான் அழகு."

அந்த அம்மாவின் முகம் மாறியது. "சிரிக்க மாட்டாரா? இவரா? கல்யாணமான புதுசுல இவர் சிரிச்சா பக்கத்து வீட்டுக்காரங்க ஜன்னலைச் சாத்துவாங்க. சிரிச்சா கண்ணே தெரியாது." சேலைத் தலைப்பின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டார். "இப்போ ஒரு வருஷமா எம்மேல என்னமோ கோவம். என்னன்னு கேட்டா ஒண்ணுமில்லைங்கிறார். ஆனா மூஞ்சியைப் பாத்தா கோவமாத்தான் இருக்கு. பொண்ணு போன வீடு, நாங்க ரெண்டு பேர்தான். எதிர்ல உக்காந்து அந்த மூஞ்சியைப் பாத்துக்கிட்டே எப்படிம்மா சாப்பிடுறது? நான் என்ன பண்ணேன்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன், ஒண்ணும் பிடிபடல."

அவள் டாக்டரைப் பார்த்தாள். பந்து நேராகப் போயிருந்தது. அவர் திரும்பி மனைவியைப் பார்த்தார். ஒரு சிறுவனின் பெருமை அந்த நிற்பில் இருந்தது, தோளில் இருந்தது, தூக்கிப் பிடித்த மட்டையில் இருந்தது. முகத்தில் மட்டும் இல்லை. தன் அம்மாவின் முகம் எப்போது அப்படி மூடிக்கொண்டது என்று அவளும் அக்காவும் கவனிக்கத் தவறியிருந்தார்கள். இத்தனை நாள் அவள் எதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்? அவள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள்.

அதற்குப் பிறகும் அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய வாக்கியத்தைக் குளிக்கும்போதும், பேருந்திலும், அம்மாவுக்குக் கால் பிடித்துவிடும்போதும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். எப்படித் தொடங்கினாலும் அது ஒரே இடத்தில் போய் முட்டியது. அவள் வாயைத் திறந்ததும் அந்த மனிதரின் வேலை போய்விடும். திறக்கும்வரை அது இருக்கும். வாயை மூடிக்கொண்டிருப்பது ஒரு வகையில் அவருக்குச் செய்கிற உதவி என்றுகூட ஒரு நாள் தோன்றியது. அப்படித் தோன்றிய வாரத்தில்தான் அவர் வழக்கம் போல வந்து, பையைத் திறந்துகொண்டே சொன்னார்:

"நேத்து ஒரு அம்மாவோட உதட்டைக் கிழிச்சுட்டேன் கோச்சம்மா. கருவி வழுக்கிடுச்சு. தையல் போட வேண்டியதாப்போச்சு. அந்தம்மா 'பரவால்ல டாக்டர், எம்மேலதான் தப்பு, நான் தலையை ஆட்டிட்டேன்'னு சொல்லுது. அது ஆட்டவே இல்ல."

வேடிக்கை போலவே சொல்லிவிட்டு மட்டையைத் தேர்ந்தெடுக்கக் குனிந்தார். பேச ஆரம்பித்தது தன் வாய்தான் என்பது அவளுக்குப் பாதியில்தான் தெரிந்தது.

"டாக்டர், உங்க வலது மணிக்கட்டை ஒரு நரம்பு டாக்டர்கிட்ட காட்டுங்க."

அவர் நிமிரவில்லை. "எதுக்கு?"

"அன்னைக்குப் பிடிச்சுப் பாத்தேன்ல. அது இறுக்கிப் பிடிக்கிறதால வர்ற இறுக்கம் இல்ல. விட்டுவிட்டு வருது."

"எத்தனையோ பேர் கையைப் பிடிச்சிருப்பீங்க. வேற யாருக்காவது அப்படி வந்துச்சா?"

"எங்கம்மாவுக்கு."

பக்கத்துத் தடுப்பில் யாரோ பந்தை அடிக்கும் சத்தம் கேட்டது. அம்மாவுக்கு என்ன என்று அவர் கேட்கவில்லை. மெதுவாக நிமிர்ந்தார்.

"நான் இங்க வந்தது பந்தடிக்கக் கத்துக்க. நாடி பாத்துக்க இல்ல."

"தெரியும் டாக்டர். தப்பா இருந்தா மன்னிச்சிருங்க. தப்பா இருக்கணும்னுதான் நானும்…"

"போதும்."

குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும். மட்டையைப் பையில் செருகப் போனார். பையின் வாய் தப்பி, மட்டை வெளியே சரிந்து விழுந்து உருண்டது. அவள் எடுக்கக் குனிந்தாள். "தொடாதீங்க" என்றார். தானே எடுத்து, இடது கையால் செருகி, இடது தோளில் மாட்டிக்கொண்டு போனார். கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. வண்டி கிளம்பும் சத்தம் கேட்கவில்லை. வெகுநேரம் கேட்கவில்லை. போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்தபடி அவள் பச்சைப் பாயின் மேல் நின்றுகொண்டே இருந்தாள். கடைசியில் கார் போனது.

பிறகு அவர் வரவில்லை. மேலாளரின் அறையில் தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் அவள் பேச்சை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். புகார் வந்திருக்கும், கூப்பிட்டு விசாரிப்பார்கள், மாணவர்களின் உடம்பைப் பற்றிப் பேச உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்பார்கள். அதைவிடப் பெரிய பயம் ஒன்று அதற்குக் கீழே படுத்திருந்தது. அவர் யாரிடமும் போகாமல், அந்தக் கையோடு, அந்த அறையில், அந்த விளக்கின் கீழ் தினமும் யார் வாய்க்குள்ளாவது குனிந்துகொண்டிருப்பார். அக்கா எதுவும் கேட்கவில்லை. ஒரு காலையில் குளியலறைக் கதவுக்கு வெளியே அக்காவின் நிழல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனது மட்டும் தெரிந்தது. அவள் குழாயை மூடிவிட்டு, தன் மணிக்கட்டை மற்றக் கையால் பற்றியபடி, அசைக்கவும் பயந்து அப்படியே நின்றாள்.

முதலில் வந்தது டாக்டரின் மனைவிதான். மழைக்காலம் முடிந்து வெயில் திரும்பியிருந்த ஒரு பிற்பகலில் தனியாக நடந்து வந்தார். அவளைக் கண்டதும் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். திட்ட வந்திருக்கிறார் என்றுதான் அவள் நினைத்தாள்.

"அது கோவம் இல்லையாம்மா" என்றார் அந்த அம்மா. "முகத்துச் சதை இறுகிப்போகுதாம். அந்த நரம்பு டாக்டர் சொன்னாரு. உள்ள சிரிச்சாலும் வெளிய தெரியாதாம். எம்மேல கோவமே இல்லையாம்." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. "இவ்வளவு பெரிய வியாதி வந்திருக்குன்னு சொல்றாங்க, நான் அங்கயே உக்காந்து அப்பாடான்னேன். அவர் என்னைப் பாக்குறாரு. நான் என்ன பொம்பளைம்மா?"

அவள் அந்த அம்மாவை உட்கார வைத்தாள். தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். சரியாகச் சொல்லியிருக்கிறோம் என்ற நிம்மதி எங்கேயும் இல்லை. சரியாக இருந்துவிட்டதே என்ற திகில்தான் இருந்தது.

அடுத்த வாரம் டாக்டர் வந்தார். பை இல்லாமல் வந்தார். வழக்கமான தடுப்பில், மனைவி உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

"இப்போ க்ளினிக்ல புதுசா ஒரு சின்ன வயசு டாக்டர் பொண்ணு இருக்கு, நல்ல கை. அதுதான் எல்லாம் பாக்குது. நான் 'வாயைத் திறங்க'ன்னு சொல்றதோட சரி" என்றார். "எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க கோச்சம்மா? எழுத்து சின்னதாயிட்டே வந்துச்சு. சட்டை பட்டன் போட நேரமாச்சு. எல்லாம் படிச்சதுதான். ஆனா பரீட்சைக்குப் படிக்கிற வியாதியெல்லாம் அடுத்தவனுக்கு வர்றதுன்னுதான் மனசுல பதிஞ்சிருக்கு. கையை நல்லா வேலை வாங்குனா இளகிடும்னு நெனச்சேன். சம்பந்தி ஒரு சாக்கு. அந்த ஆள் பாவம், பிடுங்காதீங்கன்னு சும்மா விளையாட்டுக்குத்தான் சொன்னாரு."

"என்மேல கோவம் இருக்கும் உங்களுக்கு."

"இருந்துச்சு. கார்ல உக்காந்து சாவியைப் போட முடியாம கை ஆடுச்சு. அப்போ இருந்துச்சு." அவர் திரும்பி அவளைப் பார்த்தார். "மாத்திரை குடுத்திருக்காங்க. கொஞ்சம் இளகியிருக்கு. நீங்க காட்டுனீங்களா?"

"எதை?"

"உங்கம்மாவுக்குன்னு சொன்னீங்க. நான் உங்ககிட்ட வந்த நாள்லேர்ந்து நீங்க ஒரு பந்து முழுசா அடிச்சு நான் பாத்ததில்ல. எனக்கும் கண்ணு இருக்கு."

அவள் இல்லை என்று தலையசைத்தாள். "பயமா இருக்கு டாக்டர்" என்றாள். இதுவரை யாரிடமும், அக்காவிடம்கூட, இதை அவள் சொன்னதில்லை.

"என்னைப் போகச் சொன்னீங்க."

"ஆமா."

"எனக்குப் பயமில்லாமயா இருந்துச்சு? அந்த நரம்பு டாக்டர் வாசல்ல செருப்பைக் கழட்டிட்டுத் திரும்ப மாட்டிக்கிட்டேன். வீட்டுக்காரிதான் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனா." அவர் எழுந்து, சுவரில் சாய்ந்திருந்த அவளுடைய மட்டைகளில் ஒன்றை எடுத்து, வலது கையாலேயே நீட்டினார். மட்டையின் நுனி காற்றில் லேசாக நடுங்கியது. "அடுத்த மாசம் நான் மறுபடி போகணும். வர்றதா இருந்தா வாங்க. வரலைன்னாலும் ஒண்ணும் கேக்க மாட்டேன். இப்போ ஒண்ணே ஒண்ணு அடிங்க. முழுசா. எப்படி அவிழணும்னு நான் ஒரு தடவையாவது பாக்கணும்ல?"

அவள் வாங்கிக்கொண்டாள். பந்தின் முன்னால் போய் நின்றாள். கை வியர்த்திருந்தது, கால்சட்டையில் துடைத்துக்கொண்டாள். ஈரத் துணியை உதறுகிற மாதிரி. திருப்பக் கூடாது, திரும்ப விடணும். இத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்த வார்த்தைகள் வேற்று மனிதர் யாரோ சொல்வது போல வெறுமையாகக் கேட்டன. பின்னால் நாற்காலி கிரீச்சிட்டது, டாக்டர் நன்றாகத் தெரிகிற மாதிரி நகர்ந்து உட்கார்கிறார். மட்டை மேலே போனது. உச்சியில், திரும்பும் இடத்தில், அந்தப் பழைய கேள்வி ஓடி வந்து மணிக்கட்டில் ஏறிக்கொண்டது. அதை இறக்கிவிட அவளுக்கு நேரமில்லை. அதையும் சேர்த்துக்கொண்டே வீசினாள்.

பந்தில் பட்ட சத்தம் கேட்டது. நிமிர்ந்தபோது சாயங்கால வெயில் நேராகக் கண்ணில் அடித்தது.

"எங்க போச்சு?" என்றார் டாக்டர்.

"தெரியல. நீங்க பாக்கலையா?"

"நான் உங்க கையைப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

கை எப்படி இருந்தது என்று கேட்க அவள் வாயெடுத்தாள், கேட்கவில்லை. இருவரும் உள்ளங்கையை நெற்றியில் வைத்து வெயிலுக்குள் தேடினார்கள். புல்வெளியின் நடுவே, பந்துகளைப் பொறுக்கும், கம்பிக் கூண்டு போட்ட சின்ன வண்டி ஒன்று நின்றிருந்தது. உடைந்த பக்கவாட்டுக் கம்பியைச் சரிசெய்ய ஓட்டுநர் அப்போதுதான் வெளியே இறங்கியிருந்தார். பந்து எங்கே விழப்போகிறதோ என்று அவர் இரண்டு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டு, எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல், நின்ற இடத்திலேயே வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.